தம்பி அடித்துக்கொண்டது ஊருக்கே தெரியும், நான் செய்தது யாருக்கும் தெரியாது

(இந்த அத்தியாயத்தில் சுயகாயம், தற்கொலை எண்ணம் இரண்டையும் பற்றிப் பேசுகிறோம். எப்படிக் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்ற விவரங்களுக்குள் போகவில்லை. இன்று இதைப் படிக்கும் மனநிலை இல்லையென்றால் இன்னொரு நாள் வாருங்கள். உதவி எண்கள் கடைசியில் உள்ளன. பேச்சு வாசிப்புக்காகச் சற்றுத் திருத்தப்பட்டிருக்கிறது.)



போன சில மாதங்களாக எனக்கு வரும் மெயில்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "என் பையன் தலையில அடிச்சுக்கிறான், கையைக் கடிச்சுக்கிறான். என்ன செய்யிறது?" எழுதுறவங்க பெரும்பாலும் அம்மாக்கள். நடுவில் ரெண்டு பேர் மட்டும் தங்களைப் பற்றியே எழுதியிருந்தாங்க. ரெண்டு பேரும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், வேலைக்குப் போறவங்க. "நான் என்னைக் காயப்படுத்திக்கிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாது" என்பதுதான் ரெண்டு பேரும் சொன்னதன் சுருக்கம்.

இந்த ரெண்டு வகைக் கடிதத்தையும் நான் பல நாள் பதில் போடாமல் வைத்திருந்தேன். காரணம், எங்கள் வீட்டில் ரெண்டுமே நடந்திருக்கு. என் தம்பிக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னாங்க. அவன் வாயால் பேசுவதில்லை. எனக்கு 29 வயதில்தான் சொன்னாங்க. நான் பேசுவேன், நிறையவே பேசுவேன், அது உங்களுக்கே தெரியும். அவன் தலையில் அடித்துக்கொண்டது தெருவுக்கே தெரியும். நான் செய்தது என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

தம்பியைப் பற்றிப் பேசலாமான்னு அவனிடமே கேட்டேன். டேப்லெட்டில் "சரி" என்பதை அழுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து "போட்டோ வேண்டாம்" என்று அழுத்தினான். அதனால் போட்டோவும் இல்லை, பெயரும் இல்லை.

ஒரு பல்லின் கதை

அப்போ அவனுக்குப் பதின்மூன்று வயது. நான் பிளஸ் டூ. சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் கன்னத்தில் அடித்துக்கொள்வான், அது எங்களுக்குப் பழகிப்போனது. ஆனால் அந்த வருஷம் ஒரு நாள் ராத்திரி ஆரம்பித்தது வேற மாதிரி இருந்தது. வலது பக்கம் மட்டும் அடிப்பான். சாப்பிட உட்கார்ந்தால் அடிப்பான். தூக்கத்திலிருந்து எழுந்து அடிப்பான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாங்க. விடிந்து பார்த்தால் அம்மா கையிலும் நகக்கீறல் இருக்கும்.

டாக்டரிடம் போனோம். அவர் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆட்டிசம் பிள்ளைங்க இப்படித்தாம்மா இருப்பாங்க, வயசுக்கு வர்ற நேரம் வேற" என்றார். தூங்க வைக்கிற மருந்தை ஏற்றிக் கொடுத்தார். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். தம்பி பகலெல்லாம் தூங்கி வழிந்தான், முழித்தால் அடித்துக்கொண்டான். இப்படி நான்கு மாதம்.

கண்டுபிடித்தது எங்கள் பெரியம்மா. ஊரிலிருந்து முறுக்கு கொண்டுவந்திருந்தாங்க. அவனுக்கு முறுக்குன்னா உயிர். ஒன்றை வாங்கினான், இடது பக்கமாக ஒதுக்கி மெதுவாகக் கடித்தான், அப்புறம் கீழே வைத்துவிட்டான். "ஏன்டி, பிள்ளைக்குப் பல்லு வலிக்குதோ?" என்று பெரியம்மா கேட்டாங்க. அவ்வளவுதான். வாயைத் திறக்கவே விடமாட்டான் என்பதால் மயக்க மருந்து கொடுத்துத்தான் பல் டாக்டர் பார்க்க முடிந்தது. வலது கடைவாய்ப்பல் அடி வரை சொத்தை, கீழே சீழ். பிடுங்கினார்கள். ஒரு வாரத்தில் அந்த அடி நின்றது.

நான்கு மாதம் அவன் "இங்கே வலிக்குது, இங்கே வலிக்குது" என்று இடத்தைக் காட்டியே சொல்லிக்கொண்டு இருந்திருக்கான். நாங்கள் அதற்கு ஆட்டிசம் என்று பேர் வைத்துவிட்டு இருந்தோம்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. ஒருவருக்கு ஆட்டிசம் என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் செய்கிற எல்லாமே அந்தப் பேருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். காது வலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தலைவலி, மாதவிடாய் வலி எல்லாமே. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலி தெரியாது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்காங்க. தெரியும். நீங்கள் எதிர்பார்க்கிற முகத்தோடு அதைக் காட்ட மாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இது. இல்லாத பழக்கம் திடீரென்று வந்தாலோ, இருந்த பழக்கம் திடீரென்று கூடினாலோ, உடம்பைப் பாருங்க. பல், காது, தொண்டை, வயிறு, தூக்கம், புதிதாக ஆரம்பித்த மருந்து. எந்த இடத்தில் அடிக்கிறார், எந்த நேரத்தில் அடிக்கிறார் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்க. டாக்டர் "அப்படித்தான் இருப்பாங்க" என்றால், "சரிங்க டாக்டர், வலியும் இருக்கலாம் இல்லையா, அதையும் பார்த்துச் சொல்லுங்க" என்று திரும்பக் கேளுங்க. தலையிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ பலமாக, அடிக்கடி அடித்துக்கொள்பவர் என்றால் கண் டாக்டரிடமும் காட்டுங்க. விழித்திரை கிழியவும் பிரியவும் வாய்ப்பு இருக்கு.

காரணம் ஒன்று இல்லை

2020-ல் வந்த ஓர் ஆய்வு, அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 42 சதவீதம் பேரிடம் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நடத்தை இருக்கிறது என்றது. பத்தில் நான்கு பேர். அப்படியென்றால் "என் பிள்ளை மட்டும்தான்" என்று நீங்கள் கூசிப்போக வேண்டியதில்லை. ஆனால் பத்தில் நான்கு என்பதால் அது ஆட்டிசத்தின் ஒரு பாகம், விட்டுவிடலாம் என்றும் அர்த்தம் இல்லை.

ஏன் செய்கிறார்கள்? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் கார் 1977-லேயே இந்தக் கேள்வியை எடுத்து, பல காரணங்கள் இருக்கலாம் என்று எழுதினார். 1982-ல் பிரையன் இவாட்டாவும் அவர் குழுவும் வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒன்பது பேரை வெவ்வேறு சூழ்நிலையில் வைத்துப் பார்த்தார்கள். கஷ்டமான வேலை கொடுத்தபோது, யாரும் கவனிக்காதபோது, தனியாக விட்டபோது, சும்மா விளையாடும்போது என்று. ஒருவருக்கு ஒரு சூழ்நிலையில் கூடியது, இன்னொருவருக்கு வேறொன்றில் கூடியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே செயல், உள்ளே ஆளுக்கு ஒரு காரணம்.

1985-ல் காரும் மார்க் டியூரண்டும் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. நான்கு குழந்தைகள். பாடம் கஷ்டமானால் ரகளை செய்கிற குழந்தைக்கு "எனக்குப் புரியல" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். கவனிப்பு கிடைக்காததால் செய்கிற குழந்தைக்கு "நான் நல்லாச் செய்யறேனா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தந்தக் குழந்தைக்குப் பொருத்தமான வாக்கியம் கிடைத்ததும் ரகளை குறைந்தது. பொருத்தமில்லாத வாக்கியத்தைக் கொடுத்தபோது குறையவில்லை.

நம்ம ஊரில் "கவனத்தை ஈர்க்கத்தான் செய்யிறான், கண்டுக்காதீங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். நான் கேட்கிறது, ஒரு பிள்ளை யாராவது திரும்பிப் பார்க்கணும் என்பதற்காகத் தன்னை அடித்துக்கொள்கிற அளவுக்குப் போகிறான் என்றால், அவனுக்கு அது எவ்வளவு தேவையாக இருக்கணும்?

எங்கள் வீட்டில் பல் விஷயத்துக்குப் பிறகு அம்மா பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாங்க. நேரம், அதற்கு முன்னாடி என்ன நடந்தது, பின்னாடி என்ன நடந்தது. மூன்றே பத்தி. இரண்டு மாதத்தில் எங்களுக்கே தெரியாத ஒன்று தெரிந்தது. ஆடி மாதம் மட்டும் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் காலை ஐந்து மணிக்கு மைக் செட் போட்டால் ராத்திரி வரை ஓடும். நாங்கள் கேட்டுப் பழகிவிட்டோம். அவனுக்கு அது நாள் முழுக்கத் தலைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருந்திருக்கு. அடுத்த வருஷம் ஆடியில் அவனைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினோம். குக்கர் வைப்பதற்கு முன்னாடி அவனிடம் சொல்லிவிட்டு வைத்தோம். "போதும்" என்று எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்து, அவன் அதைக் காட்டினால் அந்த நிமிஷமே நிறுத்தினோம். பின்னால் டேப்லெட் வந்தது. சென்னையில் உருவான ஆவாஸ் என்கிற செயலி, தமிழிலும் இருக்கு. படத்தைத் தொட்டால் அது பேசும். அவன் முதலில் உருப்படியாகக் கற்றுக்கொண்ட சொல் "போதும்"தான். அட்டைக்கு முன்னாடி அவனிடம் இருந்த "போதும்" அந்த அடி.

அடிச்சுத் திருத்தலாம் என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஒரு மையம் இப்படிப்பட்டவர்களுக்கு மின்அதிர்ச்சிக் கருவி மாட்டித் தண்டித்துவந்தது. அந்தக் கருவிகளை 2020-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தடை செய்தது. 2021-ல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது, சண்டை முடியவில்லை. அங்கே கருவி, இங்கே பிரம்பு. ரெண்டும் சொல்வது "உனக்கு என்ன ஆனாலும் சரி, என் கண்ணுக்குத் தெரியாம வெச்சுக்கோ" என்பதைத்தான். அந்தப் பாடத்தை நான் அடி வாங்காமலே நல்லாக் கற்றுக்கொண்டேன்.

யாருக்கும் தெரியாமல்

இப்போ என் கதை. தம்பியால் அம்மா படுகிற பாட்டைப் பார்த்து வளர்ந்தேன், அதனால் நான் "பிரச்சினை இல்லாத பிள்ளை". பள்ளிக்கூடத்தில் எந்த ஜோக்குக்குச் சிரிக்கணும், எவ்வளவு நேரம் கண்ணைப் பார்க்கணும் என்று மற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மாஸ்க்கிங் என்று இதற்குப் பேர் இருப்பது அப்போ தெரியாது. சென்னையில் வேலை. ஆபீஸ் விளக்கு, ஏசி சத்தம், மீட்டிங், திரும்பி வரும் பஸ்ஸில் ஹாரன், ஹாஸ்டலில் ரூம்மேட்டின் போன் பேச்சு. ராத்திரி பத்து மணிக்கு என் உடம்புக்குள் ஏதோ ஒன்று நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. என்னைக் காயப்படுத்திக்கொண்டால் சில நிமிஷம் அமைதியாகும். அடுத்து வெட்கம் வரும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மறுநாள் ஆபீஸ். இது ஆறு வருஷம்.

ஒரு கவுன்சிலரிடம் போனேன். "எப்படி ஃபீல் பண்றீங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒத்துழைக்க மறுக்கிறேன் என்று நினைத்தார். மூன்றாவது முறை நான் போகவில்லை.

தன் உணர்ச்சி என்னவென்று தனக்கே அடையாளம் தெரியாமல் இருப்பதற்கு அலெக்ஸிதைமியா என்று பேர். 2019-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கு, மற்றவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு. "கோபமா இருக்கேன்" என்று தெரிந்தால் கோபத்துக்கு ஏதாவது செய்யலாம். என்னவென்றே தெரியாதது ஏறிக்கொண்டே போகும். எனக்கு நோய்நிர்ணயம் செய்த டாக்டர் வேற மாதிரி கேட்டார். "உடம்புல எங்க என்ன நடக்குது? தாடை இறுகுதா? கை சூடா இருக்கா? சத்தம் கூடக் கேக்குதா?" அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. தாடை இறுகினால் எனக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு என்று இப்போ தெரியும். அந்த அரை மணிக்குள் விளக்கை அணைத்து, கனமான போர்வைக்குள் போய்விட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடுவேன்.

2017-ல் ஆட்டிசம் உள்ள 42 பெரியவர்களிடம் கேட்டதில் பாதிப் பேர் வாழ்க்கையில் எப்போதாவது தங்களைக் காயப்படுத்திக்கொண்டதாகச் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் அதைப் படித்த அன்றைக்கு நான் முதல் தடவையாக அழுதேன். என் தம்பிக்கும் எனக்கும் நடந்தது அடிப்படையில் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் பட்டது. தாங்க முடியாத ஒன்று, சொல்ல வழியில்லை, உடம்பு வழியாக வெளியே போகுது. அவன் பகலில் நடுக்கூடத்தில் செய்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன்.

சாகணும்னு நினைக்கிறாங்களா?

இதைக் கேட்காமல் போகக்கூடாது. நான் செய்தபோது பெரும்பாலும் சாக நினைக்கவில்லை, அந்த நாளைத் தாண்டிப் போக நினைத்தேன். நிறைய பேருக்கு அப்படித்தான். ஆனால் ரெண்டுக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை. 2014-ல் இங்கிலாந்தில், பெரியவர்களான பிறகு ஆஸ்பெர்கர் என்று நோய்நிர்ணயம் பெற்ற 374 பேரிடம் கேட்டதில், 66 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்திருக்கு என்றார்கள். அதே ஆய்வாளர் சாரா காசிடியின் குழு 2018-ல், தன்னை மறைத்து நடிப்பதும் தேவையான உதவி கிடைக்காததும் இந்த ஆபத்தோடு சேர்ந்து வருகின்றன என்று காட்டியது.

அதனால் நேராகக் கேளுங்க. "சாகணும்னு தோணுதா?" சுற்றி வளைத்து, "ஏதாவது தப்பா யோசிக்கிறியா" என்று கேட்டால் எங்களில் பல பேருக்கு நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்றே புரியாது. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பேசக் கஷ்டமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் கேளுங்க, பக்கத்து அறையில் இருந்தாலும் பரவாயில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படாதீங்க. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே முதலில் கருதணும், தண்டிக்கக்கூடாது என்கிறது.

அந்த நேரத்தில்

பிள்ளை அடித்துக்கொள்ளும்போது பேச்சைக் குறைங்க. "ஏன்டா, என்னடா, நிறுத்துடா" என்பது ஏற்கெனவே வழிகிற குடத்தில் இன்னும் தண்ணி. டிவியை அணைங்க, ஆட்களை வெளியே அனுப்புங்க. கையை இறுக்கிப் பிடிப்பதைவிட, தலைக்கும் சுவருக்கும் நடுவில் தலையணையைக் கொடுங்க. பெரிய காயம் ஆகிற ஆபத்து இருந்தால் மட்டும் பிடிங்க. அடங்கிய பிறகு தண்ணி, இருட்டு, தூக்கம். பாடம் எடுக்க வேண்டாம். கையை ஆட்டுவது, ஆடிக்கொண்டே நிற்பது போன்ற ஸ்டிம்மிங்கை "அசிங்கமா இருக்கு" என்று நிறுத்தாதீங்க. அது யாரையும் காயப்படுத்தாத வடிகால். அதை அடைத்தால் வேறு வழியில் வெளியே வரும்.

பெரியவர் ஒருவர் உங்களிடம் சொன்னால், "இனிமேல் செய்யமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்காதீங்க. சத்தியம் செய்துவிட்டு இன்னும் நல்லா மறைப்போம். கையைத் தூக்கிக் காட்டச் சொல்லாதீங்க. "அதைச் செஞ்சா என்ன குறையுது?" என்று கேளுங்க. பதில் "சத்தம்" என்றால் சத்தத்தைக் குறைப்போம். "கோபம்" என்றால் அதற்கு வேற வழி தேடுவோம். ஆட்டிசம் தெரிந்த மனநல மருத்துவரைத் தேடுங்க. "பேசுறீங்க, வேலைக்குப் போறீங்க, உங்களுக்கு ஆட்டிசமா?" என்று கேட்கிறவர் என்றால் எழுந்து வாங்க.

என் அம்மாவிடம் நான் சொன்னது 30 வயதில். அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "உனக்கு ஒரு நோட்டு நான் போடவே இல்லையே" என்றாங்க. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இப்போ நான் ஊருக்குப் போனால், ராத்திரி தாடை இறுகும்போது தம்பியின் பழைய "போதும்" அட்டையை எடுத்து அம்மா முன்னாடி வைப்பேன். அம்மா டிவியை அணைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்காருவாங்க. எல்லா நாளும் அது போதுமானதாக இருப்பதில்லை. போன வருஷமும் ரெண்டு தடவை நான் தவறினேன். டாக்டரிடம் சொன்னேன், அம்மாவிடமும் சொன்னேன். முன்னாடி அந்தச் சொல்கிற இடம் எனக்கு இல்லை.

எழுதின ரெண்டு பேருக்கும் ஒன்று சொல்லிக்கிறேன். ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்க. வாயால் வரவில்லை என்றால் எழுதிக் கொடுங்க, இல்லைன்னா இந்தப் பக்கத்தையே அனுப்பி, "இதுல வர்ற அக்கா மாதிரிதான் நானும்" என்று மட்டும் போடுங்க.

இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் 1926. காயம் பெரிதாக இருந்தால், உயிருக்கு ஆபத்து என்று பட்டால், தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடுங்க, யோசிக்க வேண்டாம்.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம். பார்த்துக்கோங்க.